வீரிய ஒட்டு மிளகாயில் விதை எடுக்கலாமா?

கேள்வி: வீரிய ஒட்டு மிளகாயில் விதை எடுத்துப் போட்டேன். ஒரு செடியில் காய் நீளம், இன்னொன்றில் குட்டை. பழைய மிளகாய் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அப்படியே வேண்டுமென்றால் அதை உருவாக்கக் கலந்த தாய், தந்தை ரகங்கள் கையில் இருக்க வேண்டும். தாய்ச் செடியில் நாளை விரியப்போகும் வெள்ளை மொட்டைச் சாயங்காலமே ஊசியால் பிரித்து, மகரந்தப் பைகளை வெடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் (பூவின் நடுத்தண்டு நுனியில்) தடவி, காம்பில் நூல் கட்டி, மெல்லிய துணி உறை போடுங்கள். உறையை நான் மறந்தபோது வேறு மகரந்தம் சேர்ந்து ஒரு பருவமே வீணானது.

பெற்றோர் ரகங்கள் இல்லையா? சரி, அப்போது செய்வதுதான் எனக்கு இன்னும் பிடித்த வேலை. நீங்கள் எடுத்த விதையில் வரும் இந்த இரண்டாம் தலைமுறையில் முடிந்தவரை நிறையச் செடி வளர்த்து, பழையதைவிட நல்லதைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தன் மகரந்தத்திலேயே காய்க்கவிட்டு, காய் ஒரே மாதிரி நிலைக்கும்படி 6 முதல் 8 தலைமுறை வரை இப்படியே தேர்ந்து விதை எடுங்கள்.