லண்டன் காரை விசுவமடுவுக்குக் கப்பலில் கொண்டுவரலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் எங்கள் அண்ணா குடும்பத்தோடு விசுவமடுவுக்கே திரும்பி வருகிறார். அவரிடம் 1,197 சிசி பெற்றோல் கார் இருக்கிறது. வாங்கி மூன்று வருடம் ஆகவில்லை. வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றினால் வரி இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். கப்பல் கூலியோடு மொத்தமாக எவ்வளவு முடியும்?

பதில்: முதலில் அந்தச் "சிலர்" சொன்ன கதையை விட்டுவிடுங்கள். ஊருக்குத் திரும்புகிறவர் கொண்டுவரும் சோபா, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் பண்டத்துக்கு உள்ள சலுகை காருக்கு இல்லை. ஒரே கொள்கலனில் வந்தாலும் சுங்கத்துக்குச் சாமான் வேறு, கார் வேறு. இரண்டையும் ஒன்றாக அடைத்தால் காரின் கடதாசி முடியும்வரை உங்கள் கட்டிலும் துறைமுகத்தில்தான் கிடக்கும்.

அடுத்தது, நீங்கள் கேட்ட கப்பல் கூலி இந்தக் கணக்கில் சின்னத் தொகை. பணத்தை விழுங்குவது உற்பத்தி வரி. அது காரின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை, எஞ்சினின் சிசியைப் பார்த்துப் போடப்படுகிறது. பழைய கார், அடிபட்ட கார், மலிவாக வாங்கிய கார் என்பதற்கெல்லாம் ஒரு சதமும் குறையாது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபோது வந்த வீதங்களின்படி கணக்குப் போடுவோம். 1,000 முதல் 1,300 சிசி வரையான பெற்றோல் காருக்கு ஒரு சிசிக்கு 3,850 ரூபா. அண்ணாவின் 1,197 சிசிக்கு 46,08,450 ரூபா. காரின் பெறுமதி, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப் பெறுமதியை 40 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுங்கத் தீர்வை 20 வீதம், 8 இலட்சம். அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மிகைவரி, 4 இலட்சம். பிறகு வற் வரி 18 வீதம். இதை 40 இலட்சத்தின் மேல் போடமாட்டார்கள். சி.ஐ.எஃப் தொகையோடு அதில் 10 வீதத்தைக் கூட்டி, மேலே சொன்ன வரிகள் எல்லாவற்றையும் சேர்த்து வரும் 1,02,08,450 ரூபாவின் மேல் போடுவார்கள். அது 18,37,521 ரூபா. வரிக்கு மட்டும் 76 இலட்சத்துக்கு மேல் போகிறது. 40 இலட்சக் கார் உங்கள் முற்றத்துக்கு வர முன்னமே ஒரு கோடியே 16 இலட்சம் ஆகிவிட்டது. சி.ஐ.எஃப் 50 இலட்சத்தைத் தாண்டினால் பெற்றோல் காருக்கு ஆடம்பர வரியும் சேரும். இந்த வீதங்கள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை. கப்பலில் ஏற்ற முன்னம் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் அன்றைய வீதத்தில் எழுத்தில் கணக்கு வாங்குங்கள்.

இதே கார் 999 சிசி எஞ்சினோடு இருந்திருந்தால் சிசிக்கு 2,450 ரூபாதான். உற்பத்தி வரி 24,47,550 ரூபாவோடு நின்றிருக்கும். 198 சிசி வித்தியாசத்துக்கு 21 இலட்சத்துக்கு மேல்! மறுபக்கம், 1,968 சிசி டீசல் கார் வைத்திருக்கும் உறவினர் யாரும் கேட்டால் உடனே தடுத்துவிடுங்கள். சிசிக்கு 9,650 ரூபா வீதம் உற்பத்தி வரி மட்டும் ஒரு கோடியே 89 இலட்சத்தைத் தாண்டும். மின்சாரக் கார் பற்றியும் பலர் தவறாக நினைக்கிறார்கள். அதற்கு வரி மோட்டரின் கிலோவாட் கணக்கில். ஒரு வருடம் தாண்டிய காருக்கு வீதம் குறையாது, கூடும். 110 கிலோவாட் காருக்குப் புதிதென்றால் கிலோவாட்டுக்கு 36,200 ரூபா, ஒரு வருடம் தாண்டினால் 60,400 ரூபா.

கப்பல் கூலியிலும் ஒரு பொறி இருக்கிறது. கூலியும் காப்புறுதியும் சி.ஐ.எஃப் தொகைக்குள் வருவதால் அவற்றுக்கும் வரி கட்டுகிறீர்கள். கூலி ஒரு இலட்சம் கூடினால் தீர்வையும் மிகைவரியும் 30,000, வற் 25,200. ஆக ஒரு இலட்சம் உங்களுக்கு 1,55,200 ரூபாவாக விழும். லண்டன் ஏஜென்டுகளின் விலையை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்திருங்கள். அதற்காகக் காப்புறுதியைக் கைவிட வேண்டாம். கடலில் கப்பலைக் காப்பாற்ற ஏற்படும் இழப்பைச் சாமான் ஏற்றிய எல்லோரும் பங்கிட வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய சட்டம். 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே இறுகியபோது அப்படித்தான் அறிவித்தார்கள். காப்புறுதி இல்லாதவர் அந்தப் பங்குக்குப் பிணைப்பணம் கட்டாமல் தன் காரை எடுக்க முடியாது.

வயதெல்லை இன்னொரு கத்தி. பாவித்த கார் மூன்று வருடத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். அது எண்ணப்படுவது கப்பல் பற்றுச்சீட்டின், அதாவது பி.எல்.லின் திகதிவரை. அண்ணாவின் கார் இப்போது இரண்டு வருடம் பத்து மாதம் என்றால், கப்பலில் இடம் கிடைக்க ஆறு கிழமை பிந்துவதே ஆபத்து. தனியாள் ஒருவருக்கு 12 மாதத்தில் ஒரு வாகனம்தான். பிரான்ஸ், ஜேர்மனி, கனடாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. இடப்பக்க ஸ்டியரிங் கார் இங்கே இறக்க முடியாது. இன்னொன்று, சொந்தக் காருக்கு விற்பனையாளர் என்று ஒருவர் இல்லாததால் வங்கி வழிக் கொடுப்பனவு விதிகள் அதற்கு எப்படிப் பொருந்தும் என்பதை இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே முற்பணம் கட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கொண்டுவரத்தான் போகிறார் என்றால், தவறு அதிகம் நடக்கும் இடம் பெயர். பிரித்தானியக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக முழுதாக இருக்கும். இங்கத்தைய அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், எழுத்துக்கூட்டலும் வேறு. காரின் பிரித்தானியப் பதிவுப் பத்திரமான வி5சி லொக் புத்தகத்தில் மூன்றாவது விதம். பி.எல்.லில் ஒரு எழுத்து மாறினாலும் திருத்திய பிரதி லண்டனில் இருந்து வரவேண்டும். அதற்குள் துறைமுகத்தின் இலவச நாட்கள் முடிந்து களஞ்சியக் கூலியும், கொள்கலனுக்குக் கப்பல் கம்பனியின் தாமதக் கட்டணமும் நாளுக்கு நாள் ஏறும். கடவுச்சீட்டு, லொக் புத்தகம், வரி இலக்கம், பி.எல். நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டலை முதலே உறுதிசெய்யுங்கள். பி.எல். வரைவை மின்னஞ்சலில் வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

லண்டனில் காரின் கடன் முழுதாகத் தீர்ந்திருக்க வேண்டும், தவணைக் கடனில் உள்ள கார் கடன் கொடுத்த கம்பனியின் சொத்து. லொக் புத்தகத்தின் நிரந்தர ஏற்றுமதிப் பகுதியை நிரப்பி, பிரித்தானிய வாகனப் பதிவு நிறுவனமான டிவிஎல்ஏக்கு அனுப்பி, மிச்சப் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள். மீதி முழு மாதங்களின் வீதி வரி திரும்பி வரும். 20 அடிக் கொள்கலனின் உள் நீளம் சுமார் 5.9 மீற்றர், ஒரு கார் தாராளமாக நிற்கும். பெற்றோலைக் கால் தாங்கிக்குக் குறைத்து, பற்றரி வயரைக் கழற்றி, நாலு சில்லையும் கட்டை வைத்துப் பட்டியால் இறுக்கச் சொல்லுங்கள். கப்பலுக்குள் ஓட்டி ஏற்றும் ரோரோ முறை பெரும்பாலும் மலிவு, ஆனால் காருக்குள் ஒரு பையும் வைக்க விடமாட்டார்கள். கொழும்பா அம்பாந்தோட்டையா எங்கே இறங்கும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இறங்கிய கார் பதிவு முடியும்வரை ஏ9 வீதியில் ஓடக்கூடாது. கொழும்பில் இருந்து கிளிநொச்சிக்குச் சுமார் 330 கிலோமீற்றர், லொறியில்தான் வரவேண்டும். பதிவை 90 நாளுக்குள் முடிக்காவிட்டால் சி.ஐ.எஃப் தொகையில் மாதம் 3 வீதம் தண்டம்.

எங்கள் அபிப்பிராயம், அண்ணா காரை லண்டனில் விற்றுவிட்டு வரட்டும். அங்கே பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அடித்தட்டைத் தின்றிருக்கக்கூடும். தாழ்வான காருக்கு முல்லைத்தீவு வீதியில் பிரச்சினை இல்லை, உள்ளே குளக்கட்டுக் கிரவல் பாதையில் அடித்தட்டு உரசும். பிள்ளைகளுக்கு நல்ல கார் இருக்கைகள் இருந்தால் அவற்றைக் கட்டாயம் சாமானோடு போடச் சொல்லுங்கள். அவை வீட்டுச் சாமான் கணக்கில் வரும், இங்கே வாங்குகிற காரிலும் பெரும்பாலும் பொருத்தலாம்.