ஐசி பறிபோனது, கப்பல் சலுகைக் கட்டணமும் போய்விடுமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"வணக்கம் சார். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் நான்கு பேர் சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம் போக டிக்கெட் எடுத்திருக்கிறோம். மலேசியாவில் குடியிருப்பவர்களுக்கான சலுகைக் கட்டணம். ஏறும் நாளில் கவுண்டரில் குடியிருப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் முழுக் கட்டணத்துக்கு உள்ள வித்தியாசத்தை அங்கேயே கட்ட வேண்டும் என்று இமெயிலில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். ஐசி (அடையாள அட்டை), லைசென்ஸ், பேங்க் கார்டு எல்லாம் அதில்தான் இருந்தன. பாஸ்போர்ட் மட்டும் வீட்டில் இருந்ததால் தப்பியது. போலீஸ் ரிப்போர்ட் கையில் இருக்கிறது, அது போதுமா? தெனாகா (மின்சார) பில் இன்னும் காலமான என் மாமனார் பெயரில்தான் வருகிறது. கூட வரும் மாமியாருக்குச் சிவப்பு ஐசி. பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது."

போலீஸ் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஆனால் மூன்று வாரம் இருக்கிறதே, அது தாராளம். உங்களுடைய ஐசி விஷயம் சுலபமாக முடிந்துவிடும். எனக்குக் கவலை தருவது நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன இரண்டு சங்கதிகள்தான்: மாமனார் பெயரில் வரும் பில், மாமியாரின் சிவப்பு ஐசி, அதாவது பிரஜை அல்லாத நிரந்தரக் குடியிருப்பாளரின் அட்டை.

போலீஸ் ரிப்போர்ட் என்பது நீங்கள் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) போய்ச் சொன்னதை அவர்கள் எழுதிக் கொடுத்த தாள். பொருள் பறிபோனதாக நீங்கள் புகார் செய்தீர்கள் என்பதைத்தான் அது சொல்லும். நீங்கள் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறீர்கள் என்று போலீஸ் உறுதி செய்ததாக ஆகாது. கவுண்டரில் நிற்பவர் அதை வாசித்துவிட்டு "பாவம்" என்பார், அப்புறம் "வேறு ஆதாரம் இருக்கிறதா?" என்றுதான் கேட்பார். அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐசி கொடுக்கும் தேசியப் பதிவிலாகாவில் அதற்கு வேலை இருக்கிறது.

சரி, பாஸ்போர்ட்தான் இருக்கிறதே, அது போதாதா? பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மலேசியப் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஐசி எண் எல்லாம் இருக்கும். வீட்டு முகவரி இருக்காது. பெர்த்தில் பத்து வருஷமாகக் குடியிருக்கும் மலேசியரிடமும் இதே பாஸ்போர்ட்தான் இருக்கிறது. நீங்கள் யார், எந்த நாட்டுப் பிரஜை என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்லிவிடும். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குச் சொல்லாது. சலுகைக் கட்டணம் கேட்பதோ அந்த ஒன்றைத்தான்.

அதனால் முதலில் டிக்கெட் உறுதிக் கடிதத்தை எடுத்து நிபந்தனையை வரிவரியாகப் படியுங்கள். 'மலேசியப் பிரஜைகள்' என்றிருந்தால் பாஸ்போர்ட்டே காரியத்தை முடித்துவிடும். 'மலேசியாவில் குடியிருப்பவர்கள்' என்றிருந்தால் முகவரி உள்ள ஆதாரம் வேண்டும். இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: சில கம்பெனிகளுக்கு ஓர் அறையில் ஒருவர் ஆதாரம் காட்டினால் போதும், சில கம்பெனிகள் எல்லாரிடமும் கேட்கும். ஓர் அறைக்கு ஒருவர் போதும் என்றால், உங்கள் வீட்டுக்காரர் தம் ஐசியைக் காட்டும்போதே உங்கள் அறையின் பிரச்சினை தீர்ந்தது. அமெரிக்காவில் இந்த மாதிரிக் கட்டணம் மாநில அளவிலேயே உண்டு. புளோரிடாவில் இருப்பவருக்கு ஒரு விலை என்பார்கள், அங்கே முகவரியோடு இருக்கும் ஓட்டுநர் லைசென்ஸை நீட்டினால் வேலை முடிந்துவிடும். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது ஐசி.

ஐசி எண்ணையே ஆதாரமாகக் காட்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நடுவில் உள்ள இரண்டு இலக்கம் 07 என்றால் பினாங்கு, 02 என்றால் கெடா, 14 என்றால் கோலாலம்பூர், உண்மைதான். ஆனால் அது நீங்கள் பிறந்த இடம். பினாங்குப் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவர் இன்று எங்கே இருக்கிறார் என்பதை 07 சொல்லாது.

இனி பதிவிலாகா. நாட்டில் எந்தத் தேசியப் பதிவிலாகாக் கிளையிலும் ஐசிக்கு மாற்று கேட்கலாம். சொந்த ஊர்க் கிளைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தள்ளிப் போடாமல் நாளைக்கே போங்கள். ஐசி தொலைந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தவிர, 1990-ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின்படி ஐசி இல்லாமல் வெளியே நடமாடுவதே குற்றம். வழக்கமாக ஐசியைத் தொலைத்தவருக்கு அபராதம் உண்டு, தடவைக்குத் தடவை அது ஏறவும் செய்யும். பறிப்பு, திருட்டு என்றால் போலீஸ் ரிப்போர்ட்டைக் காட்டி அபராதத்திலிருந்து விலக்குப் பெறலாம். ரிப்போர்ட்டுக்கு வேலை இருக்கிறது என்று சொன்னது இதற்குத்தான். அதில் 'பறித்தார்கள்' என்று எழுதியிருக்கிறதா, 'தொலைந்தது' என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எழுதும்போது 'ஹிலாங்' (தொலைந்தது) என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டிருந்தால், மறுபடி பாலாய்க்குப் போய் நடந்ததை முழுசாகச் சொல்லி இன்னொரு ரிப்போர்ட் கொடுங்கள்.

பிறப்புப் பத்திரமும் பழைய ஐசியின் நகலும் இருந்தால் எடுத்துப் போங்கள். பெருவிரல் ரேகையை வைத்ததும் உங்கள் பதிவு திரையில் வந்துவிடும். படம் அங்கேயே எடுப்பார்கள், கருநிறச் சட்டை போட்டுப் போவது நல்லது. புது அட்டை கைக்கு வரும்வரை தற்காலிக அடையாளத் தாள் ஒன்று தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதற்கு இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்தக் கவுண்டரிலேயே செய்யவேண்டிய இன்னொரு காரியம் இருக்கிறது. பழைய ஐசியில் என்ன முகவரி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். நம் ஆட்களில் எத்தனை பேர் ஐசியில் இன்னும் சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்து முகவரி இருக்கிறது தெரியுமா? தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டமே வந்திருக்கும். ஐசியில் மட்டும் 'லாடாங்' அப்படியே இருக்கும். வழக்கமான நாட்களில் யாரும் அதைக் கேட்பதில்லை. இப்போது நீங்கள் காட்டப்போகும் பில்லில் பட்டர்வொர்த்தும் ஐசியில் தோட்டமும் இருந்தால், கவுண்டரில் வீண் பேச்சு. வீடு மாறினால் முகவரியை மாற்றித் தெரிவிக்க வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. எப்படியும் புது அட்டை அடிக்கப் போகிறார்கள், இப்போது குடியிருக்கும் முகவரியையே கொடுத்துவிடுங்கள்.

தெனாகா பில்லுக்கு வருவோம். ஐசி வந்துவிட்டால் பில் தேவைப்படாமலே போகலாம். ஆனாலும் இரண்டாவது ஆதாரம் ஒன்று கையில் இருப்பது நல்லது. மாமனார் பெயரில் இருக்கும் பில்லை நீட்டினால் "இவர் யார்?" என்று கேட்பார்கள். மாமனார், அவர் மகன், மகனுடைய மனைவி என்று குடும்ப மரத்தை விளக்கி, இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் எல்லாம் காட்டிக்கொண்டிருக்க அந்த வரிசையில் நேரம் இருக்காது. கணக்கைப் பெயர் மாற்றுவது என்றைக்காவது செய்ய வேண்டியதுதான், ஆனால் இந்த மூன்று வாரத்தில் அதன் பின்னால் அலைய வேண்டாம். உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் சேர்ந்து வரும் தாள் எது என்று பாருங்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட் அதற்கு நல்லது. பேங்க் கார்டு போயிருக்கலாம், கணக்கு போகவில்லையே. புது கார்டு வாங்கக் கிளைக்குப் போகும்போது கடைசி மூன்று மாத ஸ்டேட்மெண்டையும் முத்திரையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐசி இல்லாமல் பேங்க் கவுண்டரில் வேலை நடப்பது கஷ்டம், அதனால்தான் பதிவிலாகாவை முதலில் வைத்தேன். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கை, வருமான வரித் தாள், உங்கள் பெயரில் இருந்தால் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் வீட்டு வரி பில் ஆகியவையும் உதவும். இபிஎஃப் கணக்கில் பழைய முகவரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்செடுங்கள். கைத்தொலைபேசி பில்லைச் சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. டிக்கெட்டில், பாஸ்போர்ட்டில், பேங்க் தாளில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? நம் பெயர்களில் வரும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்பவற்றின் நடுக்கோட்டைப் பல முன்பதிவு முறைகள் விழுங்கிவிடும். அது பரவாயில்லை, கவுண்டரில் அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் தகப்பனார் பெயர் டிக்கெட்டில் மொத்தமாகவே விடுபட்டிருந்தால், அல்லது எழுத்து மாறியிருந்தால், இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

சத்தியப் பிரமாணம் எழுதி பெசுருஹ்ஜாயா சும்பாவிடம் (சத்தியப் பிரமாண ஆணையரிடம்) முத்திரை வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லுபடியாகும் ஆவணம்தான், பொய் சொன்னால் தண்டனையும் உண்டு. ஆனாலும் உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்வதுதான் அது. வேறு எதுவுமே கிடைக்காத கட்டத்தில் துணை ஆவணமாக வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த நிலைமை இல்லை.

லைசென்ஸைப் பொறுத்தவரை, சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் இருக்கும் மின்லைசென்ஸை 2023 முதல் உள்நாட்டில் அட்டைக்குச் சமமாக ஏற்கிறார்கள். அதனால் அட்டையில்லையே என்று வண்டி ஓட்டப் பயப்பட வேண்டாம். கப்பல் கவுண்டருக்கு அதை நம்பிப் போக வேண்டாம்.

இப்போது மாமியார். சிவப்பு ஐசியில் 'பெமாஸ்தாவுத்தின் தெத்தாப்' என்று அச்சிட்டிருக்கும், அதாவது நிரந்தரக் குடியிருப்பாளர். சலுகை குடியிருப்பவர்களுக்கு என்றால், அவருக்கு முழு உரிமை உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், பிரஜைகளுக்கான நீல ஐசியைப் பறிகொடுத்த உங்களைவிட இன்றைக்கு அவர் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனால் நிபந்தனை 'பிரஜைகள்' என்றிருந்தால் அவருக்கு அந்த விலை கிடையாது. டிக்கெட் போட்ட ஏஜெண்ட் இதைக் கேட்டாரா என்று எனக்குச் சந்தேகம். இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணத்தைவிட அவருடைய பயணப் பத்திரம்தான் முக்கியம். அவர் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். கப்பல் சிங்கப்பூரில் கிளம்பி வெளிநாட்டுத் துறைமுகம் போய்ச் சிங்கப்பூருக்கே திரும்பும், அதாவது அவர் இரண்டு முறை நுழைகிறார். ஒருமுறை மட்டும் செல்லும் விசாவோடு ஏறினால் திரும்பும்போது சிக்கல். கப்பல் ஃபூக்கெட் போகிறதென்றால் தாய்லாந்து விதியையும் பாருங்கள். மலேசியாவுக்குத் திரும்ப அவருடைய மறு நுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்கிறதா என்பதைக் குடிநுழைவுத் துறையில் கேட்டுவிடுங்கள். அப்புறம், நான்கு பேர் பாஸ்போர்ட்டும் பயண முடிவுத் தேதிக்குப் பின் ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கப்பல் வழியில் பினாங்கு சுவெட்டன்ஹம் துறையிலேயே நின்று போகலாம், வீட்டு மொட்டை மாடியிலிருந்தே அதைப் பார்க்கலாம். அதற்காக அங்கே ஏறிக்கொள்கிறேன் என்று கேட்டுவிடாதீர்கள். முன்கூட்டி கப்பல் கம்பெனி சம்மதிக்காமல் அப்படி ஏற முடியாது.

தற்காலிகத் தாள் கிடைத்ததுமே கப்பல் கம்பெனிக்கு இமெயில் போடுங்கள். போன் வேண்டாம், போனில் "நோ புரோப்ளம் மேடம்" என்று சொன்னவரைக் கவுண்டரில் தேட முடியாது. முன்பதிவு எண்ணைப் போட்டு, அசல் ஐசி பறிபோனது, மாற்று ஐசிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னின்ன ஆதாரம் காட்ட முடியும், இவற்றை ஏற்பீர்களா என்று நான்கு வரி எழுதினால் போதும். ஏஜெண்ட் வழியாக எடுத்த டிக்கெட் என்றால் அவர் மூலமாகவே கேட்கச் சொல்லி, பதிலை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஆவணத்தின் நகலை அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. நகலின் குறுக்கே இரண்டு சாய்கோடு இழுத்து, நடுவில் "கப்பல் முன்பதிவுக்கு மட்டும்" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தேதி போடுங்கள். எழுத்து ஐசி எண்ணை மறைக்கக் கூடாது, ஆனால் படத்தின் மேலும் கொஞ்சம் ஓட வேண்டும், அப்போதுதான் வெட்டி எடுக்க முடியாது. ஏற்கெனவே உங்கள் ஐசி எவன் கையிலோ இருக்கிறது. உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கையையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். அப்படி ஏதாவது வந்தால் அந்தப் போலீஸ் ரிப்போர்ட்தான் உங்களுக்குக் கவசம்.

கிளம்பும் நாளில் பாஸ்போர்ட், புது ஐசி, பேங்க் ஸ்டேட்மெண்ட், கம்பெனியின் இமெயில் பதில் எல்லாவற்றையும் தாளாக ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் வைத்தால் அதைச் சுமைதூக்கிகள் முன்னாடியே கொண்டுபோய்விடுவார்கள். மாமியாரின் சிவப்பு ஐசியும் உங்கள் உறையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கவுண்டரில் மறுத்தால், வரிசையில் நின்று சண்டை போடாதீர்கள். கம்பெனியின் இமெயிலைக் காட்டி மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வித்தியாசத்தைக் கார்டில் கட்டுங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீதில் 'குடியிருப்பு ஆதாரம் ஏற்கப்படவில்லை' என்று காரணம் எழுதி வாங்கிக்கொண்டு ஏறிவிடுங்கள். திரும்பி வந்ததும் ரசீது, இமெயில், காட்டிய ஆவணங்களின் நகல் மூன்றையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள்.