மலையில் காப்பி, அடிவாரத்தில் தக்காளி: கோடை வானிலை முன்னோட்டத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். ஊரில் எங்கள் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். தாண்டிக்குடி மலையில் இரண்டு ஏக்கர் அராபிகா காப்பி. அதற்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே, வத்தலக்குண்டு பக்கம் ஒரு ஏக்கர். பாதி வாழை, மீதி சும்மா கிடக்கிறது. மார்ச் முதல் மே வரை வெப்பம் இயல்பைவிடக் கூடுதல், மழை இயல்பை ஒட்டி என்று கோடை முன்னோட்டம் சொல்கிறதாம். மழை இயல்புதானே, காப்பிக்குத் தண்ணீர் ஏற்பாடு வேண்டாம் என்கிறார். கீழே ஏப்ரலில் தக்காளி நடப்போகிறாராம். பணம் அனுப்பட்டுமா?

பதில்: வணக்கம் தம்பி. அண்ணன் மழைக் கணிப்பை நம்பக்கூடாத இடத்தில் நம்புகிறார். வெப்பக் கணிப்பைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விடுகிறார்.

'இயல்பான மழை' என்பது மூன்று மாதத்துக்கும், ஒரு பெரிய வட்டாரத்துக்கும் சேர்த்துச் சொல்வது. அதுவும் உறுதியாக இல்லை. கூடுதல், இயல்பு, குறைவு மூன்றில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்வார்கள். கோடை மழை இடி மழை. பகலில் சரிவு சூடேறி, பள்ளத்தாக்குக் காற்று மேலே ஏறி, மதியத்துக்கு மேல் மேகம் திரளும். ஒரு சரிவில் கொட்டும், அடுத்த சரிவில் புழுதி அடங்காது. ஈசூனில் மழை வெளுத்து வாங்கும்போது ஜூரோங்கில் வெயில் அடிப்பதை நீங்கள் பார்க்காததா? மூன்று மாத மழையும் மே கடைசியில் பெய்தாலும் கணக்கில் அது 'இயல்பு'தான். காப்பிக்கு அதனால் என்ன லாபம்?

காப்பி மொட்டு இரண்டு மூன்று மாத வறட்சியில் உறங்கிக் கிடக்கும். அராபிகாவுக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் ஒரே தடவையாக 25 மில்லிமீட்டர் போல இறங்கினால், எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். ஆபத்தானது அரைகுறைத் தூறல்தான். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் பெய்தால் மொட்டில் பாதி விழிக்கும், பாதி வீணாகும். வெப்பமும் சேர்ந்தால் சில பூக்கள் பச்சை நிறத்தில், விறைத்த சின்ன நட்சத்திரம் போல நின்றுவிடும். அதில் காய் வராது. அண்ணனை ஒரு கிளையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்தாலே தெரியும்.

ஆகவே ஸ்பிரிங்க்ளர் கைவசம் இருக்கட்டும். வாடகைக்குப் பேசி வைத்தாலும் போதும். ஆனால் முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். இரண்டு ஏக்கருக்கு இரண்டு லட்சம், அடுத்த நனைப்புக்குத் தனியாக. குட்டையில் அவ்வளவு இல்லையென்றால் ஒரு ஏக்கருக்கு முழுசாகக் கொடுங்கள், இரண்டுக்கும் பாதி பாதி வேண்டாம். ஏப்ரல் முதல் வாரம் வரை மழைக்குக் காத்திருக்கலாம். ரொபஸ்டா வகைக் காப்பியாக இருந்தால் அவ்வளவு நாள் பொறுக்கச் சொல்லமாட்டேன்.

அப்புறம், நிழல் மரத்தை இப்போது கழிக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் தண்டுத் துளைப்பான் வண்டு பறக்கும். வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும்.

இனி தக்காளி. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி கூடும். (நம் புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். ஏறி இறங்கினால் ஒரு டிகிரி.) வெப்ப அலை என்று சொல்ல இந்திய வானிலைத் துறை வைத்திருக்கும் அளவும் அப்படித்தான்: சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, மலையில் 30. ஆனால் தக்காளி விஷயத்தில் பகலைவிட ராத்திரியைப் பாருங்கள். இரவு 21, 22 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. காம்பில் ஒரு கணு இருக்கும், அது மஞ்சளாகி, பூ அங்கேயே முறிந்து விழும். என் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று வருஷம் பெரிய தக்காளி வைத்துப் பார்த்தேன். தினமும் காலையில் தொட்டியைச் சுற்றிப் பூவைக் கூட்டித் தள்ளியதுதான் மிச்சம். இங்கே இரவு 25 டிகிரி. மே மாத வத்தலக்குண்டும் கிட்டத்தட்ட அதேதான், இந்த வருஷம் இன்னும் கூடலாம் என்கிறார்கள்.

அண்ணன் விலையை நினைக்கிறார், புரிகிறது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. கோடையில் காய் பிடிக்காமல் வரத்து குறைவதும் விலை ஏற ஒரு காரணம்; அந்தக் காய் பிடிக்காத தோட்டம் உங்களுடையதாக இருக்கக்கூடாது. அரை ஏக்கரில் வெண்டையோ கொத்தவரையோ போடட்டும், வெயில் தாங்கும். தக்காளிக்கு ஆடியில் நாற்று நடலாம். வாழைக்கு முட்டுக் கொடுத்தாயிற்றா? இடி மழைக்கு முன்னால் வரும் காற்று தார் போட்ட மரத்தைத்தான் முதலில் சாய்க்கும்.

பணம் அனுப்புங்கள், ஸ்பிரிங்க்ளர் வாடகைக்கும் முட்டுக் கம்புக்கும். கூடவே, காப்பித் தோட்டத்தில் மரம் மறைக்காத இடத்தில் நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவை வைக்கச் சொல்லுங்கள். போனில் "நல்ல மழைடா" என்பார். ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கச் சொல்லுங்கள். இருபதுக்குக் கீழே என்றால் மறுநாளே ஸ்பிரிங்க்ளரைப் போட்டு மிச்சத்தை நிரப்ப வேண்டும்.