பாக் செ-ரியின் அப்பா – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் கொரிய கோல்ஃப் வீராங்கனை பாக் செ-ரி பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். 1998இல் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் போட்டியில் அவர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் பந்தை அடித்த கதை. எனக்குக் கோல்ஃப் ஒன்றும் தெரியாது, ஆனாலும் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், என் கணவருக்கு என்னைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது. எங்கள் மகளுக்குப் பதினோரு வயது, நீச்சல் பழகுகிறாள். அவர் இணையத்தில் தேடித்தேடி, செ-ரியின் அப்பா மகளை விடியுமுன் எழுப்பி அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்க வைத்தார், பயம் போக வேண்டும் என்று ராத்திரியில் கல்லறைப் பக்கம் கூட்டிப்போனார் என்றெல்லாம் படித்துவிட்டார். இப்போது தினமும் அதே பேச்சு. "அப்படி வளர்த்ததால்தான் ஜெயித்தாள்" என்கிறார். பிள்ளை அழுதால், "செ-ரி அழுதாளா?" என்று கேட்கிறார். நானும் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அப்பாவுக்கும் மகளுக்கும் இப்போது ஏதோ வழக்கு என்று போட்டிருக்கிறது. அது உண்மையா? அப்படி வளர்த்தது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் கொடுத்துவிடுவோம். கல்லறைக் கதையை அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஆசை ஆசையாக எழுதின. அதை விட்டுவிட்டாலும் அப்பாவின் பயிற்சி கடுமையாகத்தான் இருந்தது. செ-ரி பள்ளியில் முதலில் தடகள வீராங்கனை. கோல்ஃபைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது பதின்வயதில். இருபது வயதில் அமெரிக்காவின் எல்.பி.ஜி.ஏ. டூருக்கு, அதாவது தொழில்முறைப் பெண்கள் கோல்ஃப் தொடருக்குப் போனபோது அங்கே ஆடிய ஒரே கொரியப் பெண் அவர்தான். போன முதல் வருடமே மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் இரண்டு பட்டங்கள். இரவு பகலாகப் பழகாமல் அது வராது.

அந்தத் தண்ணீர் அடியையே எடுத்துக்கொள்வோம், உங்கள் கணவருக்கு அதுதானே பிடித்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் பிளாக்வுல்ஃப் ரன் மைதானம், 1998 ஜூலை. நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது செ-ரியும் ஜென்னி சுவாசிரிபோர்ன் என்ற கல்லூரி மாணவியும் சமநிலையில் இருந்தார்கள். அன்றைய விதிப்படி மறுநாள் இன்னொரு முழு பதினெட்டு துளை ஆட்டம். அதன் கடைசித் துளைக்கு வந்தபோதும் சமம். அங்கே செ-ரியின் முதல் அடி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், குளத்துச் சரிவில் உயரமான புல்லுக்குள் சிக்கியது. ஒரு அடி அபராதம் வாங்கிக்கொண்டு பந்தை வேறு இடத்தில் போட்டு ஆடலாம். அதற்கு விதி இடம் தருகிறது. அவர் சரிவில் நின்று வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஷூ, சாக்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். வெயிலில் கறுத்த கால்கள், கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைவெளேர் என்று பாதம். எத்தனை மணிநேரம் வெயிலில் நின்று பழகியிருந்தால் அப்படி ஆகும் என்பதைக் கொரியர்கள் அந்த ஒரு காட்சியிலேயே பார்த்துவிட்டார்கள்.

ஆனால் அந்த அடி நேராகத் துளைக்கு அருகில் போய் விழுந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பந்தைச் சரிவிலிருந்து வெளியே எடுத்துப் போட்டார், அவ்வளவுதான். அந்தத் துளைக்குக் குறித்த கணக்கைவிட ஒரு அடி அதிகமாக எடுத்து, போகி என்பார்கள், அதில்தான் முடித்தார். ஜென்னியும் போகி அடித்ததால்தான் ஆட்டம் உயிரோடு இருந்தது. அதற்கு மேல் இரண்டு துளைகள் ஆடி, மொத்தம் 92ஆவது துளையில் செ-ரி ஜெயித்தார். எனக்கு அதில் வீரத்தைவிட கணக்குதான் தெரிகிறது. அபராதம் எடுத்தால் அநேகமாகத் தோல்வி, இறங்கினால் ஒரு வாய்ப்பு. சரி, இறங்கு.

கொரியா அப்போது இருந்த நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1997 கடைசியில் நாடு கடனில் மூழ்கிப் பன்னாட்டு நாணய நிதியத்திடம் கை நீட்டியது. ஜனங்கள் வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து அரசுக்குக் கொடுத்தார்கள். வேலை போனவர்களின் வீட்டில், நள்ளிரவில், தொலைக்காட்சியில் இந்தப் பெண் தண்ணீரில் நிற்கிறார். அதைப் பிறகு பொதுநல விளம்பரத்திலும் போட்டார்கள். பெற்றோர் போட்ட சத்தத்தில் கண்விழித்து அதைப் பார்த்த ஒரு சின்னப் பெண் இரண்டு நாள் கழித்துக் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தாள். இன்பீ பார்க். பத்து வருடம் கழித்து, 2008இல், அதே அமெரிக்க ஓப்பனைப் பத்தொன்பது வயதில் வென்று, மிக இளம் வயதில் வென்றவர் என்ற செ-ரியின் சாதனையை முறியடித்தவர் அவர்.

இதுவரை உங்கள் கணவர் பக்கம். இனி மீதிப் பாதி.

அதே 1998இன் கடைசியில் செ-ரி ஊர் திரும்பினார். வரவேற்பு, விருந்து, பேட்டி என்று ஓடி, உடம்பு தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். படுக்கையில் கிடந்தவரையும் கேமராக்கள் விடவில்லை. இருபத்தோரு வயதுப் பெண்ணுக்கு "போதும், என்னைத் தூங்க விடுங்கள்" என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லலாம் என்று யாரும் அவருக்குக் கற்றுத்தந்திருக்கவில்லை.

அடுத்த ஐந்தாறு வருடங்களை விறுவிறுவென்று கடந்துவிடலாம். வெற்றி மேல் வெற்றி. 2001இல் பிரிட்டிஷ் ஓப்பன், 2002இல் எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். அன்னிகா சோரன்ஸ்டாம், கேரி வெப் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரிகளோடு மூன்றாவதாக இவர் பெயரைச் சொன்னார்கள். 2004 மே மாதம் இருபத்தாறு வயதில் ஒரு பட்டம் வென்றபோது, ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலுக்குத் தேவையான 27 புள்ளிகளும் சேர்ந்துவிட்டன. விதிப்படி பத்து வருடம் டூரில் இருந்தாக வேண்டும் என்பதால் 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அது ஒன்றுதான் பாக்கி.

அதன் பிறகுதான் ஆட்டம் கையை விட்டுப் போனது. நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு அடித்த அடிகள் வரவில்லை. எண்பதைத் தாண்டிய ஸ்கோர்கள் (கோல்ஃபில் ஸ்கோர் குறையக் குறையத்தான் நல்லது). காயங்கள் வேறு. 2005இல் வருமானப் பட்டியலில் 102ஆவது இடம். இந்தக் காலத்தைப் பற்றிப் பின்னாளில் அவர் பல பேட்டிகளில் பேசியிருக்கிறார். திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்: பயிற்சி செய்யத் தெரிந்திருந்தது, ஓய்வெடுக்கத் தெரியவில்லை. ஆட்டம் சரியில்லை என்றால் இன்னும் அதிக நேரம் பழகு என்பதுதான் அவர் அறிந்த ஒரே மருந்து. வியாதியே அதுதான் என்றால் என்ன செய்வது? அப்பா கற்றுத்தந்த பாடம் அந்த இடத்தில் செல்லாக்காசாகிவிட்டது.

ஆனால் அவர் மீண்டு வந்தார், அதைத்தான் உங்கள் கணவருக்குக் காட்ட வேண்டும். 2006 ஜூன், மேரிலாந்தில் எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். கேரி வெப்போடு சமநிலை, அதை முறிக்க பிளே-ஆஃப் என்ற கூடுதல் ஆட்டம். சுமார் இருநூறு கெஜத்திலிருந்து ஹைப்ரிட் மட்டையால் ஒரு அடி. பந்து உருண்டு வந்து துளைக்கு ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் நின்றது. தட்டினார், ஜெயித்தார். 1998இன் அடியைவிட இது நூறு மடங்கு நல்ல அடி. இதற்குச் சிலை வைக்கவில்லை, விளம்பரம் எடுக்கவில்லை. யாரும் முதுகில் ஏறி உட்காராமல், தானே யோசித்து, தானே சரிசெய்துகொண்டு வந்த பெண் அடித்தது. எனக்கு செ-ரி என்றால் அந்த வருடம்தான்.

ரியோ ஒலிம்பிக்ஸையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் கொரியப் பெண்கள் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். உலகின் முன்னணி வீராங்கனைகளுக்கு மட்டை பிடிக்க என்ன கற்றுத்தருவது? அவர் செய்ததில் முக்கியமானது அவர்களுக்குச் சமைத்துப் போட்டதும், தொந்தரவு வராமல் பார்த்துக்கொண்டதும். அந்த வருடம் கட்டைவிரல் காயத்தால் ஆடவே முடியாமல் தவித்த இன்பீ பார்க் தங்கம் வாங்கினார். மைதானத்திலேயே செ-ரி அழுதார். "செ-ரி அழுதாளா?" என்று கேட்கிறாரே, இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு முறையும் எல்லோர் முன்னாலும் அழுதார். நீங்கள் கேட்ட வழக்கு விஷயத்தில்தான் அது. செ-ரியின் பெயரில் இருக்கும் அறக்கட்டளை, அதன் முத்திரையைப் போலியாகப் பயன்படுத்தியதாக அவருடைய அப்பா மீது போலீஸில் புகார் கொடுத்தது. 2024 ஜூனில் செ-ரி நிருபர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அப்பாவின் கடன்களைப் பல வருடங்களாகத் தான் அடைத்து வந்ததையும், இனி அதற்குப் பொறுப்பேற்க முடியாது என்பதையும் சொன்னார். அதற்கு மேல் அந்தக் குடும்ப விஷயத்தில் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். கடுமையாக வளர்த்தால் கடைசியில் இப்படித்தான் ஆகும் என்று நீங்களும் கணவரிடம் வாதாட வேண்டாம். ஒரு வெற்றியை வைத்து அவர் போடும் கணக்கு எவ்வளவு தப்போ, ஒரு சண்டையை வைத்து நீங்கள் போடும் கணக்கும் அவ்வளவு தப்பு.

அவரிடம் வேறு ஒன்றைக் கேளுங்கள். அதே வருடங்களில் கொரியாவில் எத்தனை அப்பாக்கள் எத்தனை பெண்களை விடியுமுன் எழுப்பியிருப்பார்கள்? அவர்களில் முட்டி தேய்ந்து, ஆட்டம் வெறுத்து வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி நானோ வேறு யாருமோ குறிப்பு எழுதவில்லை, அதனால் அவர் படிக்கவில்லை. ஜெயித்த ஒருத்தியின் அப்பாவை மட்டும்தான் படித்திருக்கிறார்.

உங்கள் மகள் அழுவது எதற்கு என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் குளிர்கிறதா, தோற்ற எரிச்சலா, நீச்சலே வேண்டாம் என்கிறாளா? மூன்றுக்கும் மூன்று விதமான பதில். அவளிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவர் பக்கத்தில் இருக்கும்போதே. வாரத்தில் ஒரு நாளாவது நீச்சல் பேச்சே எடுக்காத நாளாக இருக்கட்டும். அவளுடைய பயிற்சியாளர் விவரமானவராக இருந்தால் அவரே இதைச் சொல்வார்.

கடைசியாக, செ-ரி இப்போது என்ன செய்கிறார் என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். 25 எல்.பி.ஜி.ஏ. பட்டங்களோடு 2016இல் ஓய்வு பெற்றார். 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் அவர் பெயரிலேயே ஒரு எல்.பி.ஜி.ஏ. போட்டி நடந்தது, நெல்லி கோர்டா பிளே-ஆஃபில் ஜெயித்தார். நடத்தியவர் செ-ரிதான்.

அன்புடன்,
ஆசிரியர்