அடிக்காத அப்பா

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 43. அப்பா இறந்து 2 வருடம் ஆகிறது. அவரைப் போல ஒரு அப்பாவாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே வைராக்கியம்.

அவர் பெல்ட்டைக் கழற்றினால் வீடே அடங்கிவிடும். முதல் ரேங்க் வாங்கிய வருடம்கூட ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டக்கென்று பேனாவை மூடினார், அவ்வளவுதான். நன்றாகப் படித்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை? கிடையாது. அந்த 'டக்' இன்னும் காதில் இருக்கிறது.

என் பிள்ளைகள் மேல் நான் கை வைத்ததே இல்லை. குரலைக்கூட உயர்த்துவதில்லை. நேர்மை, நேரம் தவறாமை, மரியாதை என்று ராத்திரி உட்காரவைத்து எடுத்துச் சொல்கிறேன். பலன்? 14 வயது மகன் எதைக் கேட்டாலும் 'ம்' என்கிறான். அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் என் அப்பாவிடம் இப்படி நடந்திருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும். போன வாரம் 8 வயது மகள் என் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டு, அவள் அம்மாவிடம் போய், "அப்பா எத்தனை நாள் பேச மாட்டாங்க? அண்ணன்கிட்ட நாலு நாள் பேசலையே, எனக்கும் நாலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை, அதை விடுங்கள். அடித்த அப்பாவுக்கு நான் கொடுத்த மரியாதையில் பாதிகூட அடிக்காத எனக்கு இல்லையே, ஏன்? ரொம்ப இடம் கொடுத்துவிட்டேனா? இதில் என் மனைவி வேறு, "நீங்களும் உங்க அப்பா மாதிரிதான்" என்கிறாள். அவர் பெல்ட் எங்கே, நான் எங்கே? மனது ஆறவே மாட்டேன் என்கிறது.

*

அன்பு நண்பருக்கு,

மகன் விஷயம் கொஞ்சம் இருக்கட்டும். 'அதை விடுங்கள்' என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

'அப்பாவுக்குக் கோபமா?' என்று உங்கள் மகள் கேட்கவில்லை. 'எத்தனை நாள்?' என்று கேட்டிருக்கிறாள். தண்டனை உண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனுக்கு நாலு என்றால் தனக்கு எவ்வளவு என்று கணக்கும் போட்டுப் பார்த்திருக்கிறாள். ராத்திரிப் பாடத்தில் இது இருந்திருக்காது.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் 1978-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, திடீரென்று சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடி கிடையாது, திட்டு கிடையாது. குழந்தை சிரித்துப் பார்க்கிறது, எப்படியாவது அம்மாவைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடுகிறது. அது சில நிமிடம். உங்கள் வீட்டில் நாலு நாள்.

பெல்ட்டைத் தொடாமல் இருப்பது, அடி வாங்கி வளர்ந்தவருக்கு லேசான காரியம் இல்லை. நிஜமாகவே உங்களை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பேனா மூடி உங்கள் கைக்கு வந்துவிட்டதே!

இப்போது மகன். மனது புண்பட்டால் ஓர் ஆண்பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவன் வீட்டில் பார்த்தது ஒரே ஒரு வழி, வாயை மூடிக்கொள்வது. நாலு நாள் பார்த்துக் கற்றதைத்தான் 'ம்' என்று திருப்பித் தருகிறான். இதில் இடம் கொடுத்ததும் இல்லை, கொடுக்காததும் இல்லை. அப்புறம் மரியாதை என்கிறீர்களே, முதுகுத் தோல் உரிந்திருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பயம் என்றுதான் சொல்வார்கள். அது மகனிடம் இல்லையென்றால் நல்லதுதான்.

உங்கள் மனைவி சொன்னதில் நான் அவர் பக்கம். மகள் கேட்டதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா?

கோபமே வரக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது, கண்ணாடி உடைந்தால் வரத்தான் செய்யும். "கோபமா இருக்கேன், அரை மணி நேரம் விடு, அப்புறம் பேசறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி அரை மணியில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ராத்திரிப் பாடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள்.

இன்றைக்கே மகளிடம் போய், அவள் அம்மாவிடம் கேட்டது உங்கள் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். மன்னிப்பும் கேளுங்கள். அப்போது பக்கத்து அறையில் மகன் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டாம், அவனுக்கும் கேட்கட்டும்.