ஒரு வயதில் பசும்பால்: டம்ளரைவிடத் தட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 11 மாதம் முடிந்துவிட்டது. நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து பகலில் டப்பா பால், இரவில் தாய்ப்பால். 'இனி எதுக்கு டப்பா? பசும்பாலையே பழக்கு. பாதிக்குப் பாதி தண்ணி ஊத்து, இல்லன்னா மாந்தம் வரும்' என்கிறார் அத்தை. மருந்துக்கடையில் கேட்டால் அடுத்த எண் போட்ட டப்பாவை எடுத்து வைக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கறந்த பால் கிடைக்கிறது. யார் பேச்சைக் கேட்பது? ஒரேயடியாக டப்பாவை நிறுத்திவிடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: பிறந்தநாள் முடியட்டும், அப்புறம் தாராளமாகப் பசும்பாலுக்கு மாறுங்கள். உங்கள் அத்தை சொல்வது பெரும்பாலும் சரிதான். தண்ணீர் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்த அடுத்த எண் டப்பா, அதாவது அடுத்த வயதுக்கென்று விற்கும் பால் பவுடர். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அது தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு அந்த வகைப் பால் பவுடர் பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்யவே நம் நாட்டில் சட்டத் தடை இருக்கிறது. 1992இல் வந்த சட்டம் அது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். அதனால் கடையில் எடுத்து வைப்பதை வைத்தியர் எழுதித் தந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை என்றால் மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

'அப்புறம் ஏன் ஒரு வயது வரை காத்திருக்கச் சொல்கிறீர்கள்?' என்று கேட்பீர்கள். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் புரதம் என்றால் பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். உப்புகளும் அதிகம். சின்னக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் வேலை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசியவும் கூடும். ஒரு வயதாகும்போது சிறுநீரகமும் தேறியிருக்கும், குழந்தையும் சோறு, இட்லி, பருப்பு என்று சாப்பிடப் பழகியிருக்கும். ஆனால் இப்போதே பசும்பாலில் செய்த தயிரைச் சாதத்தோடு பிசைந்து கொடுக்கலாம். பிரதான பாலாகத்தான் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன்.

மாற்றும் விதம். ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து ஒன்றும் இல்லை. சுவை பிடிக்காமல் சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். உங்கள் மகன் அப்படியானால், வழக்கம்போல் அளவுத் தண்ணீரில் டப்பா பாலைக் கரைத்துக்கொண்டு, அதில் 30 மில்லியைக் குறைத்து அந்த இடத்தில் காய்ச்சி ஆறிய பசும்பாலை ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பசும்பாலின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் பத்து நாளில் டப்பா தானாக விடைபெறும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பால் பவுடரைப் பசும்பாலில் நேரடியாகக் கரைக்கக் கூடாது. சத்து கூடும் என்று நினைத்துச் செய்கிறார்கள். அவ்வளவு கெட்டியான பால் குழந்தையின் உடலுக்குச் சுமை.

'ஒத்துக்கொள்ளுமா' என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். வழக்கமான டப்பா பாலே பசும்பாலிலிருந்து தயாராவதுதான். இத்தனை மாதம் அதைக் குடித்துத் தொந்தரவு இல்லாமல் வளர்ந்த குழந்தைக்குப் பசும்பால் அநேகமாக ஒத்துக்கொள்ளும். முதல் சில நாள் மலம் கொஞ்சம் இறுகலாம், நிறம் மாறலாம். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி, மலத்தில் ரத்தம் இவற்றில் ஏதாவது வந்தால் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

தண்ணீர் வேண்டாம். உங்கள் அத்தை காலத்தில் இரண்டு மாத, மூன்று மாதக் குழந்தைக்கே மாட்டுப்பால் கொடுக்க வேண்டியிருந்தது. கெட்டியான பால் அந்த வயிற்றுக்கு ஆகாது என்று தண்ணீர் ஊற்றினார்கள். அந்தப் பழக்கம் ஒரு வயதுக் குழந்தை வரை நீண்டுவிட்டது. ஒரு வயதில் அதே தண்ணீர் பாலின் சத்தைத்தான் பாதியாக்கும். வயிறு நிறைந்திருக்கும், எடை ஏறாது. அத்தையிடம் இதைச் சண்டையாக ஆக்காமல் எடுத்துச் சொல்லுங்கள், அல்லது இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

பாக்கெட் பாலா, கறந்த பாலா? இரண்டும் சரி. கறந்த பாலைப் பொங்கி வரும்வரை காய்ச்சாமல் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும் வரலாம், புருசெல்லா என்ற காய்ச்சல் கிருமியும் வரலாம். பாக்கெட் என்றால் நிறத்தைப் பார்க்காமல் அச்சிட்டிருக்கும் கொழுப்பு அளவைப் பாருங்கள். சமன்படுத்திய பாலில் 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, நிறை கொழுப்பில் 6. இரண்டு வயது வரை மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு வேண்டும் என்பதால், 1.5 சதவீதமுள்ள இருமுறை சமன்படுத்திய பாலைத் தொடாதீர்கள். என்னைக் கேட்டால் 4.5 பாக்கெட்டை வாங்கச் சொல்வேன். 3 சதவீதம்தான் கிடைக்கிறதென்றாலும் பாதகமில்லை. ஆடையை எடுத்து வைக்காமல் கலக்கிக் கொடுங்கள். சர்க்கரை வேண்டாம், சத்து பானப் பவுடரும் வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்கு உண்மையான பதில். எந்தப் பால் என்று இவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு என்று கேட்கவில்லையே. ஒரு நாளைக்கு 400 மில்லி, அதிகம் போனால் 500. தயிர், மோர் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அரசு மருத்துவமனை ஓபியில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான குழந்தையைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வயது இருக்கும். கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. சளி என்றோ மலச்சிக்கல் என்றோ தூக்கி வந்திருப்பார்கள். கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடக்கும். உள்ளங்கையை விரித்து அம்மாவின் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் அவருக்கே தெரியும். 'என்ன சாப்பிடுறான்?' என்று கேட்டால், 'சோறே வாயில வைக்க மாட்டான் டாக்டர், பால் மட்டும் ஒரு லிட்டர் குடிச்சிடுவான்' என்று பெருமையோடு பதில் வரும். 'மண் தின்கிறானா?' என்று அடுத்துக் கேட்பேன். அம்மா ஆச்சரியமாக, 'ஆமா, எப்படித் தெரியும்?' என்பார்.

இரும்புச்சத்து குறைந்த குழந்தை பல நேரம் மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தேடும். அரை லிட்டர் பாலில் சுமார் 600 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்குத் தேவை 500. ஆக அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது. இரும்புக்கு வாருங்கள்: தேவை 8 மில்லிகிராம், அதே அரை லிட்டர் பாலில் இருப்பதோ கால் மில்லிகிராம் அளவுதான். போதாததற்கு, மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் பால் தடுக்கிறது. டப்பா பாலில் இரும்பைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். நீங்கள் டப்பாவை நிறுத்தும் அன்றைக்கு அந்த இரும்பும் நின்றுபோகும். அதைத் தட்டில் வைக்காவிட்டால் அடுத்த ஆறு மாதத்தில் குழந்தை வெளிறிவிடும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று தெரியவந்தது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு எனக்குப் பால் பற்றி மட்டும் பேச மனம் வரவில்லை.

அதனால் அசைவம் சாப்பிடும் வீடு என்றால் வாரம் ஒன்றிரண்டு முறை ஆட்டு ஈரலைச் சின்னத் துண்டாக வேகவைத்து மசித்துச் சோற்றோடு பிசையுங்கள். கோழி, மீன், முட்டை எல்லாம் கொடுக்கலாம். சைவம் என்றால் பருப்பு, பாசிப்பயறு, முளைகட்டிய பயறு, கீரை. பருப்பு சாதத்தில் எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் அதிலிருக்கும் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு பால் வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். காலையில் எழுந்ததும் 150 மில்லி, மாலையில் தூங்கி எழுந்ததும் 150, மதியம் சாதத்தில் தயிர். இரவுத் தாய்ப்பாலை விடாதீர்கள், இரண்டு வயது வரையிலும் அதற்குப் பிறகும் தரலாம். அப்புறம், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டு வாங்குங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். அந்தச் சிரப்பையும் பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம். தாய்ப்பால் நின்றுவிட்டது. டப்பா வாங்கக் கட்டுப்படியாகவில்லை. சொன்னதைவிடக் கூடத் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றுகிறேன். பசும்பால் கொடுத்தால் தப்பா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தப்பில்லை அம்மா. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். முடிந்தால் ஒரு வயது வரை டப்பா பால் என்று நாங்கள் சொல்வோம். ஆனால் நீர்த்த டப்பா பால் குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம், அதை இன்றோடு விடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கலாம் என்று நான் மேலே சொன்ன அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. ஆறு மாதத்துக்குள் மட்டும் கூடவே கூடாது. உங்கள் மகளுக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல், நாளுக்கு மூன்று நான்கு வேளை திட உணவு, அதில் முட்டையோ ஈரலோ பருப்போ கட்டாயம். இரும்பு சிரப்பை இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். எடையை மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வயது மூன்று மாதம். பாட்டிலை வாயில் வைத்தால்தான் தூங்குகிறாள். பசும்பாலை அதிலேயே தருகிறேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: பாட்டிலோடு தூங்கினால் பால் விடியவிடியப் பல்லில் தங்கும். முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும். பகல் பாலை டம்ளருக்கோ பால் புகட்டும் பாலாடைக்கோ மாற்றிவிட்டு, இரவு பாட்டிலைக் கடைசியாக நிறுத்துங்கள். தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே பாலைக் குடிக்கவைத்து, ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிடுங்கள். நாலைந்து இரவு அழுவாள். நீங்களே தோளில் போட்டுத் தட்டித் தூங்கவையுங்கள், அம்மாவிடம் போனால் பாட்டிலைத்தான் கேட்பாள். ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள்.