பத்து சரி, ஐந்து தப்பு

கேள்வி: சீனாவில் யீவூ நகரில் இருக்கிறோம். கணவருக்கு இங்கே மொத்தச் சந்தையில் பொருள் வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் தொழில். எதிர்வீட்டுப் பெண் மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி விடுதியில் தங்கி, சனி இரவு வீட்டுக்கு வந்து ஞாயிறு மதியம் திரும்பிவிடுவாள். நான் ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் என்று தெரிந்து, அவள் அம்மா ஞாயிறு காலை மட்டும் ஆங்கில வாசிப்புக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேட்டார். இந்தப் பெண் ஒரு வருடமாக தினம் இரண்டு பத்தி படித்துக் கேள்விகளுக்கு விடை எழுதுகிறாள். ஆனால் பதினைந்து கேள்வியில் எப்போதும் பத்துதான் சரி. இன்னும் அதிகப் பத்திகள் கொடுக்கட்டுமா, கதைப் புத்தகம் படிக்கச் சொல்லட்டுமா? அவர்களுடைய தேர்வுமுறை தெரியாத நான் இதில் தலையிடலாமா என்றும் தயக்கமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, யீவூ, ஜெஜியாங் மாகாணம்

பதில்:

அன்புச் சகோதரி, தாராளமாகத் தலையிடுங்கள். சீனப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒரு தமிழ் ஆசிரியைக்குத் தனி வசதி ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தேர்வைப் பற்றி. உங்கள் தயக்கத்தில் பாதி அதோடு போய்விடும். அந்தப் பெண் எழுதப்போவது காவ்காவ், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. சீனம், கணிதம், அந்நிய மொழி மூன்றுக்கும் தலா 150 மதிப்பெண். ஆங்கிலத் தாளுக்கு 120 நிமிடம். அதில் வாசிப்புக்கு மட்டும் 50 மதிப்பெண். நான்கு பத்திகள், அவற்றில் 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். பிறகு, ஐந்து இடங்களில் வாக்கியம் விடுபட்ட ஒரு பத்தி. கொடுத்திருக்கும் ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கி அந்த இடங்களில் வைக்க வேண்டும். ஆக, உங்கள் மாணவி நான்கு பத்திகளுக்கான முப்பத்தேழரையில் இருபத்தைந்து வாங்குகிறாள். இன்னும் மூன்று கேள்வி சரியாகிவிட்டால் ஏழரை மதிப்பெண் கூடும். காவ்காவ் தரவரிசையில் அது பெரிய தூரம்.

நீங்கள் இருக்கும் ஜெஜியாங்கில் அந்நிய மொழித் தேர்வை இரண்டு முறை எழுதலாம், ஜனவரியில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை. எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அடுத்த ஜனவரியே முதல் வாய்ப்பு. அதனால் அவள் அம்மா அவசரப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அவசரத்தைத் தீர்க்க அதிகப் பத்திகள் கொடுப்பது வழியில்லை. கூடவே கூடாது என்று சொல்வேன்.

நான் சில ஆண்டுகள் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு பள்ளியில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். மாலை வகுப்புகள் முடிந்தும் பிள்ளைகள் இரவு வரை வகுப்பறையிலேயே உட்கார்ந்து தாமாகப் படிப்பார்கள். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பையனின் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக விடை குறித்து, சிவப்பு மையில் திருத்தியும் வைத்திருந்தான். அப்போதுதான் முடித்த பத்தியில் நான்குக்கு மூன்று சரி. 'இந்தப் பத்தி எதைப் பற்றியது?' என்று கேட்டேன். பதில் இல்லை. தாளைத் திரும்பப் பார்த்தான், அப்போதும் சொல்ல வரவில்லை. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை மட்டும் படித்து, அதற்கு ஒத்துப்போகும் விடையைக் குறித்திருக்கிறான். பயிற்சியிலேயே ஊறிய பிள்ளைகளுக்கு இது கைவந்துவிடுகிறது. இப்படிக் கேள்விகளைப் போட்டுத் தள்ளுவதைச் சீன மாணவர்கள் 'ஷுவா தீ' என்பார்கள். 'ஷுவா' என்றால் பிரஷ் போட்டுத் தேய்ப்பது. விவரம் கேட்கும் கேள்விகளுக்கு இந்த வித்தை போதும். ஆசிரியரின் கருத்து என்ன, எந்தத் தலைப்பு பொருந்தும், மூன்றாம் பாராவை எதற்காகச் சேர்த்தார் என்று கேட்டால் போதாது. உங்கள் மாணவி தவறவிடும் ஐந்தும் பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு அவள் தாளில் பாருங்கள்.

அதனால் வாரத்துக்குப் பதினான்கு பத்திகளை நான்காகக் குறைக்கச் சொல்லுங்கள். அவள் அம்மா பதறுவார். பரவாயில்லை, இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இனி ஞாயிறு காலைக்கு வருவோம். நீங்கள் புதுப் பத்தி எதையும் நடத்த வேண்டாம். அந்த வாரம் அவள் தவறு செய்த ஒரே ஒரு பத்தியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேள்விகளை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, பத்தியை மட்டும் நிதானமாக ஒரு முறை படிக்கட்டும். அகராதியும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதை எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று உங்களிடம் இரண்டே வாக்கியத்தில் சொல்லட்டும். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும், திருத்தாதீர்கள். விஷயம் சரியாக வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். முதல் சில வாரம் எங்கோ படித்த ஒரு விவரத்தைச் சொல்வாள், மையக் கருத்து வராது. அது வரத் தொடங்கும்போது தலைப்புக் கேள்விகள் தாமாகச் சரியாகும்.

அதன் பிறகு கேள்விகளைத் திறக்கலாம். சரியான விடை எது என்பதில் அதிக நேரம் போக வேண்டாம். தவறான விடை அவளை ஏன் இழுத்தது என்பதைத்தான் தோண்ட வேண்டும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நிழல் மரங்கள் உள்ள தெருக்களில் கோடையில் வெப்பம் சற்றுக் குறைவாக இருந்தது, நகர வெப்பத்துக்கு மரம் ஒரு பகுதித் தீர்வாக இருக்கக்கூடும் என்று பத்தி சொல்கிறது. நான்கு விடைகளில் ஒன்று, மரம் நட்டால் நகர வெப்பப் பிரச்சினை தீரும் என்கிறது. பிள்ளைகள் அதைத்தான் குறிப்பார்கள். மரம் நல்லது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறார்கள் அல்லவா? பத்தியில் இருக்கும் 'மே' என்ற சின்னச் சொல்லை, அந்தக் 'கூடும்' என்ற தயக்கத்தை, கண் தாண்டிப் போய்விடுகிறது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் அந்த இடத்தில்தான் வலை விரிக்கிறார்கள்.

இந்த வலைகளுக்கெல்லாம் சீன ஆசிரியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், அவளுக்கே தெரிந்திருக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாகக் காட்டும் விடைக்கு 'ஜாங் குவான் லீ தாய்', அதாவது ஜாங்கின் தொப்பி லீயின் தலையில். பத்தியில் இல்லவே இல்லாதது ஒரு வகை. ஒரு பகுதிக்குச் சொன்னதை முழுசுக்கும் நீட்டுவது இன்னொரு வகை. அவளிடம் 'தவறு நோட்டு' ஒன்று கட்டாயம் இருக்கும். சீனப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாப் பாடத்துக்கும் அப்படி ஒன்று வைத்திருப்பார்கள். அதில் கேள்வியை வெட்டி ஒட்டிச் சரியான எழுத்தைப் பக்கத்தில் எழுதி வைத்தால் ஒரு பயனும் இல்லை. 'பத்தியில் கூடும் என்று இருந்தது, நான் தீரும் என்று நினைத்துவிட்டேன்' என்று தன் வார்த்தையில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சீனத்திலேயே எழுதட்டும். இருபது வரி சேர்ந்ததும் எந்த வலையில் திரும்பத் திரும்ப விழுகிறாள் என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

சரி, அந்தத் தனி வசதிக்கு வருகிறேன். எனக்கு இதில் தீராத ஆர்வம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பத்திகளில் முதலாவது பெரும்பாலும் அறிவிப்பாகவோ, விளம்பரமாகவோ, அருங்காட்சியகக் குறிப்பாகவோ இருக்கும், எளிது. மூன்றாவதும் நான்காவதும்தான் கழுத்தைப் பிடிக்கும். ஆய்வு, அறிவியல், சமூகம் பற்றிய கட்டுரைகள், பாம்பு போல நீளும் வாக்கியங்கள். நீளம் மட்டும் அங்கே சிக்கல் இல்லை. சீனத்தில் 'நேற்று வந்த ஆள்' என்பதை 'ட்சுவோதியென் லாய் த ரென்' என்கிறார்கள். ட்சுவோதியென் நேற்று, 'லாய் த' வந்த, ரென் ஆள். அப்படியே தமிழ் வரிசை! விவரமெல்லாம் முன்னால் வந்து, ஆள் கடைசியில் வருகிறார். ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுகிறது: 'த மேன் ஹூ கேம் யெஸ்டர்டே.' பெயரெச்சத்தில் வளர்ந்த நமக்கு ஆங்கிலம் கற்றபோது எந்த இடத்தில் தடுக்கியதோ, அந்தப் பெண்ணுக்கும் அதே இடத்தில்தான் தடுக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு அங்கே ஒரு கல் கிடப்பதே கண்ணில் படாது. உங்களுக்குப் படும்.

'தி ஓல்ட் பிரிட்ஜ் தட் த வில்லேஜர்ஸ் ஹேட் பில்ட் வாஸ் வாஷ்ட் அவே' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கண்ணுக்குக் 'கிராமத்தார் கட்டினார்கள்' என்பது முழு வாக்கியமாகத் தெரியும், அடுத்து வரும் 'வாஸ்' எங்கிருந்து முளைத்தது என்று குழம்புவாள். உங்கள் வேலை எளிது. 'தட்', 'ஹூ', 'விச்' வரும் இடத்தில் பென்சிலால் ஓர் அடைப்புக்குறி திறக்கட்டும். அந்தத் துணை விவரம் முடியும் இடத்தில், அதாவது முக்கிய வினைக்குச் சற்று முன்னால், மூடட்டும். உள்ளே இருப்பதை விட்டுவிட்டுப் படித்தால் 'பழைய பாலம் அடித்துச் செல்லப்பட்டது' என்ற எலும்பு கிடைக்கும். அப்புறம் உள்ளே இருப்பதைச் சீன வரிசைக்கு மாற்றி, கிராமத்தார் கட்டிய பழைய பாலம் என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். முழுப் பத்தியையும் சீனத்தில் எழுதும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், சிக்கலான ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இந்த வேலை போதும். பத்திக்கு இரண்டு வாக்கியம் இப்படிப் பிரித்தால், ஆறு வாரத்தில் பென்சில் தேவைப்படாது.

சொற்களைப் பற்றியும் ஒன்று. அவள் கையில் 3500 சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கும், மனப்பாடமும் செய்திருப்பாள். கவிழ்ப்பது பெரும்பாலும் தெரியாத சொல் இல்லை, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று அறிந்தவளுக்கு, ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்தார்கள் என்று வந்தால் வாக்கியமே உடைந்துவிடும். 'ஃபைன்' அபராதமாகவும் வரும், 'நாவல்' புதுமையான என்ற பொருளிலும் வரும். இவற்றுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தையே எழுதி வைக்கட்டும்.

ஏழில் ஐந்து பொறுக்கும் பகுதிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. விடுபட்ட இடத்துக்கு முந்தைய வாக்கியத்தையும் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துப் படித்து, 'அது', 'அவர்கள்', 'ஆனால்' போன்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று பார்த்தாலே பாதி நிரம்பிவிடும்.

கதைப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். அவளுக்கே ஆசை இருந்தால், எளிய ஆங்கிலத்தில் சுருக்கிய புத்தகம் ஒன்றைக் கொடுங்கள், விடுமுறையில் படிக்கட்டும். பள்ளி நாட்களில் திணிக்காதீர்கள். காலையிலிருந்து இரவு வரை மேசையில் இருக்கும் பிள்ளை அவள், தூக்கத்தை எடுத்துப் புத்தகத்துக்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதைவிட நல்ல வழி அவள் நாளுக்குள்ளேயே இருக்கிறது. காலை முதல் பாடத்துக்கு முன் வகுப்பே சேர்ந்து உரக்க வாசிக்கும் நேரம் ஒன்று அங்கே உண்டு. ஞாயிறன்று உங்களோடு பிரித்துப் படித்த பத்தியை அந்த வாரம் முழுக்க அப்போது வாய்விட்டு வாசிக்கட்டும். புரிந்த பத்தியை நாலைந்து தடவை வாசித்தால், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது காதில் தங்கிவிடும்.

நேரத்தைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். கேட்டல், கட்டுரை எல்லாம் போக வாசிப்புக்கு முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் கிடைக்கும், பத்திக்கு ஏழெட்டு நிமிடம். கோடை விடுமுறை முடிந்து மூன்றாம் ஆண்டு தொடங்கிய பிறகு கடிகாரத்தை மேசையில் வையுங்கள். முந்தைய ஆண்டுகளின் உண்மையான காவ்காவ் தாள்களையும் அதுவரை தொட விடாதீர்கள். கடையில் விற்கும் பயிற்சிப் பத்திகளின் தரம் ஏறி இறங்கும். உண்மைத் தாளில் ஒவ்வொரு விடையும் யோசித்து வைக்கப்பட்டது. அதை அவசரத்தில் தீர்த்துவிட்டால் மறுபடி புதிதாகக் கிடைக்காது.

அவள் உங்களை 'ஆயீ' என்றுதான் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன். சீனத்தில் அத்தை, சித்தி வயதில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல். பள்ளியில் அவளுக்கு ஆசிரியர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், நீங்கள் ஆயீயாகவே இருங்கள். மதிப்பெண் என்ன என்று ஞாயிறு காலை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். இந்த வாரம் படித்ததில் எது பிடித்தது என்று கேளுங்கள். அம்மாவிடம், ஜனவரியில் சரியாக வராவிட்டால் ஜூன் இருக்கிறது என்பதை அவள் இல்லாத நேரத்தில் இரண்டு மூன்று தடவை சொல்லி வையுங்கள்.

வரும் ஞாயிறு ஒரு பத்தி போதும். போன வாரம் அவள் தவறவிட்ட மூன்றாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை மூட ஒரு காகிதம், ஒரு பென்சில். அவள் சொல்லும் முதல் இரண்டு வாக்கியங்களைத் தேதியோடு எங்காவது குறித்து வைத்து, டிசம்பரில் அவளிடமே காட்டுங்கள்.